மைனஸ் 45 டிகிரியில் தூங்கினால் இதயம் நின்றுவிடுமா?

(ஒலிப்பதிவைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ஸ்டூடியோவில் இருந்து பேசவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கேன், திண்ணையில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவில் பஸ் ஹாரன் கேட்டா அது எங்க ஊரோட பின்னணி இசைன்னு வெச்சுக்கோங்க. ஊர் பிரம்மதேசம். அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிற பிரம்மதேசம் இல்லை. இது விழுப்புரம் மாவட்டம், மரக்காணத்துக்குப் பக்கத்தில். இங்கிருந்து கிழக்கே போனால் உப்பளம், அதைத் தாண்டினால் கடல்.

தை மாசக் காலையில் இங்கே 20, 21 டிகிரிக்கு இறங்கினாலே மப்ளரும் குரங்குக் குல்லாவும் வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கடுங்குளிரைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் கேள்வி இங்கிருந்துதான் வந்தது. எங்க தெருவில் ஓர் அத்தை. மகன் ராணுவத்தில் இருக்கிறான். அவனை அடுத்த சில மாதங்களில் சியாச்சினுக்கு அனுப்பப் போகிறார்கள். பேரும் யூனிட்டும் இங்கே வேண்டாம். அத்தை என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டார்:

"ஏம்பா, நீதான் டாக்டருங்க புக்கெல்லாம் படிச்சு என்னென்னமோ பேசுறியே. அந்தக் குளிர்ல தூங்கும்போதே நெஞ்சு நின்னுடும்னு சொல்றாங்களே, நெசமா?"

"அப்படியெல்லாம் டக்குனு நிக்காது அத்தை"ன்னு சொன்னேன். அது சரியான பதில்தான், ஆனால் பாதி பதில். மீதியைச் சொல்ல ஒரு எபிசோட் தேவைப்படுது.

முதலில் ஒரு நிஜக் கதை. நிறைய பேருக்கு இது நினைவிருக்கும்.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் சோனம் என்கிற ராணுவச் சாவடி. உயரம் சுமார் 19,600 அடி. அங்கே இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர். அதில் நான்கு பேர் தமிழ்நாடு. மற்றவர்கள் கர்நாடகா, கேரளா, ஆந்திரா, மகாராஷ்டிரா. ஒரு பெரிய பனிச்சுவர் இடிந்து சாவடி மேல் விழுந்தது. பத்து பேரும் உள்ளே. மீட்புக் குழு மோப்ப நாய்களோடும், பனியை வெட்டும் இயந்திரங்களோடும் நாள்கணக்கில் தோண்டியது. வெளியே இரவில் மைனஸ் 45 வரைக்கும் போகிற குளிர். யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரங்கல் அறிக்கைகள்கூட வந்துவிட்டன.

ஆறாவது நாள், பிப்ரவரி 8. சுமார் 25, 30 அடி பனிக்குக் கீழே ஒருவர் உயிரோடு கிடைத்தார். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட். கர்நாடகாவின் தார்வாட் மாவட்டத்துக்காரர், வயது 33. மறுநாள் டெல்லியில் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

அந்தக் கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன். ஆறு நாள் அந்த இதயம் எப்படித் துடித்தது, வெளியே எடுத்த பிறகு அதற்கு என்ன ஆபத்து என்று புரிய வேண்டுமானால், முதலில் குளிர் இதயத்தை என்ன செய்கிறது என்று பார்க்கணும்.

நம் உடம்பின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. தூங்கும்போது அதுவே அரை டிகிரி, ஒரு டிகிரி தானாக இறங்கும். துடிப்பு குறையும். ரத்த அழுத்தமும் பகலை விட 10 முதல் 20 சதவீதம் குறையும். இதயத்துக்கு நாள் முழுக்கக் கிடைக்கிற ஓய்வு இதுதான்.

இப்போ குளிர் உள்ளே வருது. தோலில் இருக்கிற நரம்புகள் அதை மூளைக்குச் சொல்லும். மூளை உடனே செய்கிற முதல் வேலை, கை, கால், தோலுக்குப் போகிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. வெளிப்பக்கம் ரத்தம் போனால்தானே சூடு வெளியேறும்? அதனால் கதவைச் சாத்திவிடுகிறது. எங்க ஊர் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஓரத்துப் பாத்திகளின் மடையை எல்லாம் அடைத்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டால் என்ன ஆகும்? வாய்க்காலில் தண்ணீர் ஏறும், வரப்பு முட்டும். உடம்பிலும் அதேதான். அதே ரத்தம், ஆனால் இடம் சின்னதாகிவிட்டது. அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்துக்கு எதிராக இதயம் ஒவ்வொரு துடிப்பையும் தள்ள வேண்டும்.

அடுத்தது நடுக்கம். தசைகள் தாமாகவே ஆடி ஆடிச் சூடு உண்டாக்கும். கடுமையான நடுக்கத்தில் உடம்பு, ஓய்வில் செலவழிக்கிற சக்தியைப் போல ஐந்து மடங்கு வரை செலவழிக்கும். அதற்கான ஆக்ஸிஜனை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அதே இதயம்தான். ஓய்வு நேரத்தில் ஓவர்டைம்.

மூன்றாவது, நாம எல்லோரும் கவனிச்ச ஒரு விஷயம்: குளிரில் அடிக்கடி ஒண்ணுக்கு வரும். ஏன் தெரியுமா? ஓரங்களில் இருந்த ரத்தம் எல்லாம் உள்ளே வந்துவிட்டதால், "உடம்பில் திரவம் கூடிப்போச்சு" என்று சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. வெளியே தள்ளுகிறது. விளைவு, ரத்தத்தில் நீர் குறைந்து அது கெட்டியாகிறது. கெட்டியான ரத்தம் சீக்கிரம் உறையும். ராத்திரி இரண்டு முறை எழுந்து போனதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கு.

ஆக, குளிர் இதயத்தின் மேல் வைக்கிற முதல் சுமை நிறுத்தும் சுமை இல்லை. அதிகமாக வேலை வாங்கும் சுமை. 22 வயசு ஆரோக்கியமான இதயம் இதைச் சுலபமாகத் தாங்கும். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஏற்கெனவே கொழுப்பு படிந்து பாதி அடைத்திருக்கிறவருக்கு இது வேற கணக்கு. தேவை கூடுது, வரத்து கூட வழியில்லை. நெஞ்சுவலி அங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

இதில் தூக்கத்துக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் கனவு காணுகிற கட்டம் இருக்கே, ரெம் தூக்கம், அந்த நேரத்தில் உடம்பின் வெப்பக் கட்டுப்பாடு பெரும்பாலும் ஓய்வில் இருக்கும். நடுக்கமும் வராது. அதனால் குளிர் அதிகமானால் உடம்பு அந்தக் கட்டத்தையே சுருக்கிக்கொள்ளும், அடிக்கடி விழிப்பு வரும். போர்வை இல்லாமல் குளிரில் படுத்தால் கனவே வராத மாதிரி, அரைத் தூக்கமாகவே விடியும். அது காரணமில்லாமல் இல்லை. உடம்பு காவல் காக்கிறது.

ஆனால் நல்ல போர்வை இருந்தால்? இங்கேதான் அத்தைக்கான உண்மையான பதில் இருக்கு. போர்வைக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கிற காற்றுதான் நம் உடம்பு உணர்கிற ஊர். நன்றாகப் போர்த்திப் படுத்தவரின் படுக்கைக்குள் அந்தக் காற்று 30 டிகிரிக்கு மேல் இருக்கும், அறை எப்படி இருந்தாலும். மைனஸ் 45 டிகிரியில் நல்ல ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்திருக்கிறவர் மைனஸ் 45-ல் தூங்கவில்லை. அவர் முகமும் மூச்சும் மட்டும்தான் அங்கே இருக்கிறது.

அதற்காக வெளிக்குளிர் கணக்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் ஒகமோட்டோ-மிசுனோ என்கிற ஆய்வாளரும் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், சிலரை 3, 10, 17 டிகிரி அறைகளில் போர்வையோடு தூங்க வைத்தார்கள். தூக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இதயத் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேர மாறுதல்கள் குளிர் அறைகளில் வேறாக இருந்தன. அதாவது, "நல்லாத்தான் தூங்கினேன்" என்று ஆள் சொல்வார். இதயத்தை ஆளும் நரம்புகள் வேற கணக்கு வைத்திருக்கும். அதற்கு மேல், விடிந்ததும் போர்வையை உதறிவிட்டுக் குளிரில் எழுந்து நிற்கிறோமே, அந்த மாற்றம் பெரிசு. மாரடைப்பு பொதுவாகவே காலை நேரத்தில்தான் அதிகம் வருகிறது என்பது 1980-களில் இருந்தே தெரிந்த விஷயம்.

சியாச்சினில் குளிரோடு இன்னொன்றும் சேர்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனும் பாதிக்கும் குறைவு. எங்க தெருவிலேயே ரிட்டயர்ட் ராணுவக்காரர் ஒருவர் இருக்கார், நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். அங்கே தூக்கம் எப்படி இருக்கும்னு கேட்டேன். "தூக்கமா? நம்மூர்த் தூக்கம் மாதிரி இல்லப்பா. பக்கத்துல படுத்திருக்கிறவன் மூச்சு அப்படியே நின்னுடும். நாம எழுந்து உட்கார்ந்து பாப்போம். அப்புறம் திடீர்னு இழுத்து இழுத்து விடுவான். கொஞ்ச நாள்ல பழகிடும். ஷூவைக்கூட பைக்குள்ளயே வெச்சிகிட்டுதான் படுப்போம், இல்லன்னா காலையில கட்டையா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, விட்டுவிட்டு வரும் சுவாசம். ஆக்ஸிஜன் குறைவதால் வேகமாக மூச்சு விடுகிறோம். அதனால் கார்பன் டை ஆக்ஸைடு மிகவும் குறைந்துவிடும். மூச்சு விடச் சொல்லி மூளையைத் தூண்டுவதே அதுதான் என்பதால் மூளை சில நொடி மறந்துவிடும். ராத்திரி முழுக்க இப்படியே. இதயத் துடிப்பும் கூடவே ஏறி இறங்கும். அதோடு, ஆக்ஸிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயத்தின் வலது பக்கத்துக்குச் சுமை கூடும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உலகத்துக்கு இதைப் பற்றித் தெரிந்ததில் ஒரு பெரும் பங்கு இந்திய வீரர்களிடமிருந்து வந்தது. 1962 போர்க் காலத்தில் சமவெளியில் இருந்து திடீரென்று மலைக்கு ஏற்றப்பட்டவர்கள் அவர்கள். இந்தர் சிங் தலைமையிலான ராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களின் மலை நோயைப் பற்றி 1969-ல் எழுதிய கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு உயரத்திலும் சில நாள் தங்க வைத்துப் பழக்குவது கண்டிப்பான முறையானது. அத்தை மகனும் அந்தப் பழக்கத்துக்குப் பிறகுதான் மேலே போவான்.

சரி. இப்போ அடுத்த கட்டம். போர்வை போதவில்லை, நடுங்கியும் பயனில்லை, உள்வெப்பமே இறங்குது. 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குப் பெயர் ஹைப்போதெர்மியா.

இங்கே கதை தலைகீழாகிறது. இதுவரை வேகமாக ஓடிய இதயம் மெதுவாகிறது. 32 டிகிரியை ஒட்டி நடுக்கம் நின்றுபோகும். பார்க்கிறவர்கள், "அப்பாடா, நடுக்கம் நின்னுடுச்சு" என்று நினைக்கலாம். அது நல்ல செய்தி இல்லை, உடம்பு சண்டையை விட்டுவிட்டது என்று அர்த்தம். குழப்பம், உளறல், தூக்கம். அந்தத் தூக்கம் தூக்கம் இல்லை, மயக்கம். சிலர் சாகும் தறுவாயில் திடீரென்று சூடாக உணர்ந்து உடைகளைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். மலையில் அப்படிக் கிடைத்த உடல்கள் நிறைய.

இதயத்தின் துடிப்பைத் தூண்டும் செல்கள் குளிரக் குளிர மெதுவாக வேலை செய்யும். 28 டிகிரியில் துடிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். மின்சாரம் ஒரு செல்லில் இருந்து அடுத்த செல்லுக்குப் போவதும் தாமதமாகும். ஈசிஜி எடுத்தால் ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு சின்ன மேடு தெரியும். 1953-ல் அதை விவரித்த ஜான் ஆஸ்போர்ன் பெயரில் அதை ஆஸ்போர்ன் அலை என்கிறார்கள். சின்னத் திமில்தான், ஆனால் அவசர சிகிச்சை மருத்துவர் அதைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார்.

முதலில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கு தப்பும். 28-க்குக் கீழே கீழறைகளும் தப்பலாம். இதயம் துடிப்பது என்றால் தேர் இழுப்பது மாதிரி. ஆயிரம் பேர் ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில் வடத்தை இழுத்தால் தேர் நகரும். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் எல்லோரும் உழைப்பார்கள், தேர் நகராது. கீழறையின் தசைகள் அப்படி ஆளாளுக்குத் துடிப்பதைத்தான் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்கிறோம். ரத்தம் வெளியே போகாது. அதுதான் சாவு.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவ்வளவு குளிர்ந்த இதயம் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி. அப்படியே விட்டால் மெதுவாகத் துடித்துக்கொண்டே இருக்கும். ஆளை வேகமாகத் தூக்கினாலோ, உட்கார வைத்தாலோ, கைகால்களைப் பரபரவென்று தேய்த்தாலோ தாளம் தப்பிவிடலாம். காப்பாற்றிய பிறகு, காப்பாற்றிய கைகளிலேயே சாகிறவர்கள் உண்டு. அதனால்தான் மீட்புக் குழுக்களுக்குச் சொல்லிக் கொடுப்பது: படுத்தபடியே, அலுங்காமல், மெதுவாக.

ஆனால் இதே குளிருக்கு இன்னொரு முகமும் இருக்கு. நான் இந்த எபிசோடைப் பண்ணணும்னு நினைச்சதே அதுக்காகத்தான்.

28 டிகிரியில் துடிப்பு பாதி என்றேன் இல்லையா? உடம்பின் ஆக்ஸிஜன் தேவையும் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. வருமானமும் பாதி, செலவும் பாதி. மூளை குளிர்ந்து போவதற்கு முன்னாலேயே இதயம் நின்றால் சில நிமிடங்களில் மூளை அழியும். மூளை முதலில் குளிர்ந்து, அதற்குப் பிறகு இதயம் நின்றால், அது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும்.

1999 மே மாதம். நார்வேயில் நார்விக் பக்கம் பனிச்சறுக்கு விளையாடப் போன ஆனா பாகென்ஹோம் என்கிற இளம் மருத்துவர், உறைந்த ஓடையில் பனிக்கு அடியில் மாட்டிக்கொண்டார். காற்று தங்கியிருந்த ஒரு சின்ன இடத்தில் 40 நிமிடம் மூச்சு விட்டார். அப்புறம் அசைவே இல்லை. வெளியே எடுக்கும்போது மொத்தம் 80 நிமிடம் ஆகியிருந்தது. நாடி இல்லை, மூச்சு இல்லை. உடல் வெப்பம் 13.7 டிகிரி. நம்ம ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டை விடக் கொஞ்சம்தான் அதிகம். ட்ரோம்சோ மருத்துவமனைக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோய், ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கி உள்ளே அனுப்பும் இயந்திரத்தில் இணைத்தார்கள். இதயம் மறுபடி துடித்தது. குணமாக மாதக்கணக்கு ஆனது, கைகளில் நரம்புப் பாதிப்பு இருந்தது. ஆனாலும் பிழைத்து, பின்னாளில் அதே மருத்துவமனையில் ரேடியாலஜிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தார். குளிரில் கிடந்தவரைச் சூடாக்கிப் பார்க்காமல் இறந்தவர் என்று முடிவு கட்டாதே என்று அவசர சிகிச்சையில் ஒரு விதியே உண்டு. நாடியைக்கூடப் பத்து நொடி பார்த்துவிட்டு விடக் கூடாது, ஒரு நிமிடமாவது பார்க்க வேண்டும். நிமிடத்துக்குச் சில துடிப்புகளே இருக்கலாம்.

இந்தத் தத்துவத்தில்தான் இதய அறுவை சிகிச்சையே ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. கனடாவில் வில்ஃப்ரட் பிகெலோ விலங்குகளில் செய்த ஆய்வுகளைத் தொடர்ந்து, 1952 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் என்பவர் 5 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலை 28 டிகிரிக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை சில நிமிடம் நிறுத்தி, இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைத்தார். இதய-நுரையீரல் இயந்திரம் பழக்கத்துக்கு வராத காலம் அது. இன்றும் மகாதமனியின் வளைவில் பெரிய அறுவை செய்யும்போது நோயாளியை 20 டிகிரியை ஒட்டிக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே நிறுத்தி வேலை செய்கிறார்கள். எந்த 28 டிகிரி மலையில் கொல்கிறதோ, அதே 28 அறுவை மேசையில் காப்பாற்றுகிறது. மேசையில் மருத்துவர் குளிர்விக்கிறார், மருத்துவரே கவனமாகச் சூடாக்குகிறார். வித்தியாசம் அவ்வளவுதான். அவ்வளவும்தான்.

இப்போ ஹனுமந்தப்பாவுக்கு வருவோம்.

ஆறு நாள் எப்படி? கூடாரத்துக்குள் காற்று தங்கிய ஒரு இடைவெளி அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. பனியே ஒரு போர்வை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனியில் பெரும்பகுதி அடைபட்ட காற்றுதான். சூட்டை எளிதில் கடத்தாது. வெளியே மைனஸ் 45-ல் காற்று வீசினாலும், புதைந்த இடத்தில் காற்று வீசாது, அந்த அளவு குளிரும் இருக்காது. டெல்லியில் அவரைப் பரிசோதித்த மருத்துவர்களின் அறிக்கையில், பனிக்கடியோ எலும்பு முறிவோ இல்லை என்று இருந்தது. ஆச்சரியம்தான். ஆனால் நினைவில்லை, ரத்த அழுத்தம் மிகக் குறைவு, உடலில் நீர் இல்லை, வெப்பம் குறைவு, ஆக்ஸிஜன் குறைவு, சர்க்கரை குறைவு, நுரையீரலில் நிமோனியா, கல்லீரலும் சிறுநீரகமும் பாதிப்பு.

அந்த அறிக்கையில் ஒரு விஷயத்தை அன்றைக்குப் பலர் கவனிக்கவில்லை. அடுத்த 24 முதல் 48 மணி நேரம் மிகவும் ஆபத்தானது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். காரணம், உடலைச் சூடாக்குவதாலும் குளிர்ந்திருந்த பாகங்களுக்கு மீண்டும் ரத்தம் போவதாலும் வரும் சிக்கல்கள். டிவியில் எல்லோரும், "ஆபத்தைத் தாண்டிட்டார், மீட்டுட்டாங்க" என்று கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. மருத்துவர்களைப் பொறுத்தவரை ஆபத்தின் அடுத்த பாதி அப்போதுதான் தொடங்குகிறது.

ஏன்? முன்னால் சொன்ன மடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் அடைத்திருந்த பாத்திகளின் மடை எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கிறது. வாய்க்காலில் நீர் மட்டம் தடாலென்று இறங்கும். ஏற்கெனவே சிறுநீராகப் போய், குடிக்கத் தண்ணீர் இல்லாமல், திரவம் குறைந்த உடம்பு வேறு. ரத்த அழுத்தம் சரியும். இன்னொரு பக்கம், அந்தப் பாத்திகளில் தேங்கியிருந்த குளிர்ந்த ரத்தம், ஆக்ஸிஜன் இல்லாத திசுக்களில் சேர்ந்த அமிலமும் பொட்டாசியமும் கலந்து, நேரே இதயத்துக்கு வருகிறது. கண்ணாடிப் பாத்திரமாக இருக்கிற இதயம் அதையும் வாங்க வேண்டும்.

2016 பிப்ரவரி 11, முற்பகல். ஹனுமந்தப்பா இறந்தார். பல உறுப்புகள் செயலிழந்திருந்தன. அவரைக் கொன்றது ஒரே ஒரு காரணம் என்று சொல்ல முடியாது: ஆறு நாள் பட்டினி, நீரின்மை, ஆக்ஸிஜன் குறைவு, தொற்று, குளிர் எல்லாம் சேர்ந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் அந்தப் பத்து பேரில் யாரும் திரும்பவில்லை.

அத்தையிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. அவருக்கு அது ஏற்கெனவே தெரியும், அதனால்தான் கேட்டார். நான் சொன்னது வேற: "பைக்குள்ள படுத்திருக்கிறவன் நெஞ்சு சும்மா நிக்காது அத்தை. தலைவலி, மூச்சு வாங்குறது, நெஞ்சுச் சளி, குழப்பம் இதுல எது வந்தாலும் மறைக்காம உடனே சொல்லணும்னு சொல்லி அனுப்புங்க. தாங்கிக்கிறேன்னு இருக்கக் கூடாது." ஆம்பளைத்தனம் காட்டுகிற வயசு, அதனால அதைத்தான் இரண்டு தடவை சொன்னேன்.

இனி நம்ம விஷயம். "சியாச்சின் எங்கேயோ இருக்கு, நான் வேளச்சேரியில ஏசியில தூங்குறவன்" என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. குளிரால் வரும் மரணங்களில் பெரும்பங்கு கடுங்குளிர் நாட்களில் நடப்பதில்லை. 2015-ல் லான்செட்டில் வெளியான ஆய்வு 13 நாடுகளின் 7.4 கோடி மரணங்களை அலசியது. குளிரோடு தொடர்புடையவை 7.29 சதவீதம், வெப்பத்தோடு 0.42 சதவீதம். அதில் அதிகம் மிதமான குளிர் நாட்களில். 2018-ல் இந்திய மரணங்களை வைத்துச் செய்த ஆய்வும் அதே பக்கம்தான் கை காட்டியது. பக்கவாதமும் மாரடைப்பும் மிதமான குளிர் நாட்களில் கூடுகின்றன. (வெப்பத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்காதீங்க. மே மாசம் எங்க உப்பளத்தில் அரை மணி நேரம் நின்றவன் அப்படிச் சொல்ல மாட்டான்.)

எவ்வளவு மிதம்? 1984-ல் பிரிட்டனில் கீட்டிங்கும் குழுவும் சிலரை ஆறு மணி நேரம் காற்று வீசும் அறையில் வைத்தார்கள். உள்வெப்பம் அரை டிகிரிகூட இறங்கவில்லை. ஆனாலும் ரத்தத்தின் கெட்டித்தன்மை 21 சதவீதம் கூடியது, சராசரி ரத்த அழுத்தம் 126/69-ல் இருந்து 138/87-க்கு ஏறியது. அந்த அறையின் வெப்பம் எவ்வளவு தெரியுமா? 24 டிகிரி. நம்ம நாட்டில் விற்கிற ஸ்டார் லேபிள் ஏசிகளுக்கு 2020-ல் இருந்து கட்டாயமாக்கிய தொடக்க அளவும் அதே 24 தான். பயப்படாதீங்க, அது தூக்கத்தைப் பற்றிய ஆய்வு இல்லை. போர்த்திக்கொண்டு 24-ல் தூங்குவதால் இளம் இதயத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 18-ல் ஏசியும் மேலே ஃபேனும் ஓடுகிற அறையில், அறுபது தாண்டிய அப்பா மெல்லிய வேட்டியோடு தரையில் படுத்திருக்கிறார் என்றால், ரிமோட்டை எடுத்து ஏற்றுங்கள். இல்லையென்றால் ஒரு போர்வை.

ஊரில் இருக்கிற பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ரத்த அழுத்தம் கோடையில் இறங்கும், குளிர் மாதங்களில் ஏறும். மே மாதம் பார்த்து "நார்மல்தான்" என்று மாத்திரையைத் தானாக நிறுத்தியவர் மார்கழியில் மாட்டிக்கொள்வார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாரா, சாப்பிடுகிறாரா என்று பொங்கல் லீவில் வந்த நாம பார்க்கலாம். விடியற்காலையில் எழுந்ததும் வெறும் உடம்போடு வாசலுக்கு ஓட வேண்டாம், ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போகலாம்.

மலைக்கு ட்ரிப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, குளிருக்கு ரம் என்பது பொய். சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் சூடான மாதிரி இருக்கும், உண்மையில் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகிறது. அதோடு நடுக்கத்தையும் மழுங்கடிக்கும். குடித்துவிட்டு வெட்டவெளியில் தூங்கிப் போகிறவர்தான் ஹைப்போதெர்மியாவின் வழக்கமான நோயாளி.

இரண்டு, ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இடங்களில் அறையை மூடிக்கொண்டு அடுப்புக்கரி மூட்டித் தூங்குவது. பார்பிக்யூ முடித்த தணலை உள்ளே எடுத்து வைப்பதும் இதே கணக்கு. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இதயத்துக்குத் தேவையான ஆக்ஸிஜன் வராது, தூங்குகிறவருக்கு விழிப்பும் வராது. குளிர் கொல்லாத இடத்தில் குளிரைப் போக்க வைத்த தணல் கொன்றுவிடும். இரண்டு கம்பளி கூடுதலாகக் கேளுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

யாராவது குளிரில் நனைந்து, நடுங்கி, உளற ஆரம்பித்தால்: காற்று அடிக்காத இடம், ஈரத் துணியை மாற்றுவது, தலை உட்பட முழுக்கப் போர்த்துவது. சூட்டுப் பையை மார்பிலும் அக்குளிலும் துணி சுற்றி வைக்கலாம். கைகாலைத் தேய்க்க வேண்டாம், நடக்க வைக்க வேண்டாம். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம். நினைவு தப்பியிருந்தால் படுத்தபடியே வைத்து 108.

அடுத்த எபிசோடும் இங்கிருந்துதான். எதிர்த் துருவம்: உச்சி வெயிலில் உப்பு வாருகிறவர்களின் சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது என்று, பாத்தி வரப்பில் நின்றே பேசப் போறேன். மைக்கில் காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும்.